மொறுமொறுப்பைத் தின்றுவிடும் கிழங்கு

ஏர் ஃப்ரையர் வாங்கிய வீட்டில் முதல் சோதனை உருளைக்கிழங்கின் மேல்தான் நடக்கும். அது ஓரளவு ஒப்பேறிவிடும். அந்தத் தெம்பில் அடுத்ததாகச் சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கையில் எடுப்பார்கள். வீடியோவில் பார்த்தபோது விறைப்பாக, பொன்னிறமாக, கடித்தால் சத்தம் வரும்படி இருந்தது. இங்கே இருபது நிமிடம் கழித்துக் கூடையை இழுத்தால் நுனியெல்லாம் கருகி, நடுவெல்லாம் குழைந்து கிடக்கும். ஒரு துண்டை அடியில் பிடித்து நிமிர்த்தினால் தலை கவிழ்ந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கெட்சப்பைத் தேடுவார்கள்.

பழி எந்திரத்தின் மேல் விழும். அடுத்த முறை சூட்டைக் கூட்டுவார்கள்; கருகல்தான் கூடும். சூட்டைக் குறைத்து நேரத்தை நீட்டுவார்கள். இன்னும் குழையும், இன்னும் இனிக்கும். இன்னும் இனிக்கும் என்பதைக் கவனித்தீர்களா? இந்த வழக்கில் முக்கியச் சாட்சி அதுதான். மேலே ஒரு சிட்டிகை சர்க்கரைகூடத் தூவாமல் கிழங்கின் இனிப்பு எப்படிக் கூடியது? மொறுமொறுப்புக்கு வேண்டிய சரக்கு உள்ளேயே சர்க்கரையாக மாறியிருக்கிறது. அதை மாற்றிய ஆளும் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் மொறுமொறுப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கிழங்கின் செல்களுக்குள் மாவுச்சத்து நுண்ணிய மணிகளாக அடைந்திருக்கிறது. தண்ணீரோடு சேர்ந்து சூடேறும்போது இந்த மணிகள் உப்பி, உடைந்து, கூழாகின்றன. அந்தக் கூழிலிருந்து தண்ணீர் வெளியேறிவிட்டால் மிஞ்சுவது மெல்லிய, காய்ந்த, கெட்டியான ஏடு. இந்த ஏட்டின் நிலையை விஞ்ஞானிகள் கண்ணாடி நிலை என்கிறார்கள். வளையாது, நொறுங்கும். நொறுங்கும்போது சத்தம் வரும். அந்தச் சத்தமே பாதி ருசி என்பதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாசிமிலியானோ சாம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் 2004-ல் காட்டினார்கள். உருளை சிப்ஸைக் கடிப்பவரின் காதில், அவர் கடிக்கும் சத்தத்தையே கூட்டியும் குறைத்தும் ஒலிபரப்பினார்கள். சத்தம் கூடியபோது அதே சிப்ஸ் புத்தம் புதிதாகத் தோன்றியது. சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2008-ல் இவர்களுக்குக் கிடைத்தது.

இந்தக் கண்ணாடிக்குப் பகை இரண்டு. ஒன்று தண்ணீர், மற்றொன்று சர்க்கரை. கொஞ்சம் ஈரம் ஏறினாலும் ஏடு இளகிவிடும். சர்க்கரை இரட்டிப்புத் தொல்லை. அதுவே ஏட்டை இளக்கும். போதாததற்குச் சுற்றுக் காற்றிலும் கிழங்கின் நடுவிலும் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

இப்போது இரண்டு கிழங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரில் கிழங்கு என்று இருப்பதைத் தவிர இவற்றுக்குள் நெருங்கிய உறவே கிடையாது. உருளைக்கிழங்கு தக்காளி, கத்தரிக்காய் குடும்பம். மண்ணுக்கடியில் பருத்த தண்டு. சர்க்கரைவள்ளியோ வேறு குடும்பம். வள்ளைக்கீரையும் வேலியில் பூக்கும் காலைமலர்க் கொடியும் அதற்குச் சொந்தம். அது பருத்த வேர். அமெரிக்க வேளாண் துறையின் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை உருளைக்கிழங்கில் தண்ணீர் சுமார் 79 கிராம், மாவுச்சத்து 15 கிராம், சர்க்கரை ஒரு கிராமுக்கும் குறைவு. சர்க்கரைவள்ளியில் தண்ணீர் 77, மாவுச்சத்து 12.6, சர்க்கரை 4 கிராமுக்குச் சற்று மேல். ஆக, அடுப்பில் ஏறும் முன்பே ஏட்டுக்கு வேண்டிய மாவு குறைவு, ஏட்டைக் கெடுக்கும் சர்க்கரை ஐந்து மடங்கு.

ஆனால் உண்மையான விளையாட்டு அடுப்பில் ஏறிய பிறகுதான். அதே அட்டவணையில் தோலோடு சுட்ட சர்க்கரைவள்ளியின் கணக்கைப் பாருங்கள். மாவுச்சத்து 12.6 கிராமிலிருந்து சுமார் 7 கிராமாக இறங்கியிருக்கிறது. சர்க்கரை ஆறரை கிராமாக ஏறியிருக்கிறது. பச்சைக் கிழங்கில் இல்லாத மால்டோஸ் என்ற சர்க்கரை புதிதாக 3 கிராம் வந்திருக்கிறது.

இந்த வேலையைச் செய்வது பீட்டா அமைலேஸ் என்ற நொதி. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. இந்த நொதி சங்கிலியின் முனையில் உட்கார்ந்துகொண்டு இரண்டிரண்டு மணிகளாகக் கத்தரித்துத் தள்ளும். கத்தரித்த ஒவ்வொரு ஜோடியும் ஒரு மால்டோஸ். சர்க்கரைவள்ளியில் இது கொஞ்சநஞ்சம் இல்லை. கிழங்கின் முக்கியப் புரதங்களுள் ஒன்றாகவே இருக்கிறது. அதனால்தான் 1948-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பீட்டா அமைலேஸைப் படிகமாகப் பிரித்தெடுக்க முனைந்தபோது இந்தக் கிழங்கையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

நொதி பச்சைக் கிழங்கிலும் இருக்கிறது, மாவுச்சத்தும் இருக்கிறது. பிறகு ஏன் சந்தையிலேயே கிழங்கு பாகாகிவிடுவதில்லை? மாவு மணிகள் இறுக்கமாக மூடியிருப்பதால் நொதிக்குப் பிடி கிடைப்பதில்லை. சூடு 65 முதல் 75 டிகிரியை எட்டும்போது மணிகள் உப்பித் திறக்கின்றன. நொதியோ 80 டிகிரியைத் தாண்டினால் உருக்குலைந்து செத்துவிடும். மணி திறப்பதற்கும் நொதி சாவதற்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறிய இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கிழங்கு அந்த இடைவெளியைச் சட்டென்று கடந்துவிட்டால் மாவுச்சத்து பெருமளவு பிழைக்கும். அங்கே சாவகாசமாகத் தங்கினால் சர்க்கரையாகும்.

நம் வீடுகளில் இதை நாக்கால் அறிந்தவர்கள் உண்டு. விறகடுப்பின் தணலில் புதைத்துச் சுட்ட கிழங்கின் இனிப்பு மைக்ரோவேவில் வேகவைத்த கிழங்குக்கு வருவதில்லை. இரண்டும் ஒரே கொடியில் விளைந்ததாகவே இருக்கட்டும். தணலில் சூடு மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது; நொதிக்கு முழு நேர வேலை. மைக்ரோவேவ் சில நிமிடங்களில் நடுவரை கொதிக்கவைத்து நொதியைத் தீர்த்துக்கட்டிவிடுகிறது. ஜப்பானில் குளிர்கால இரவுகளில் வண்டியில் வைத்துச் சூடான கூழாங்கற்களின் நடுவே சுட்டு விற்கும் யாக்கி இமோவின் ரகசியமும் இந்த மெதுவான சூடுதான்.

இனி எந்திரத்துக்கு வருவோம். ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் பெர்லின் மின்பொருள் கண்காட்சியில் ஏர் ஃப்ரையரை அறிமுகப்படுத்தியது. பெயரில் வறுவல் இருக்கிறதே தவிர, உள்ளே நடப்பது வறுவல் இல்லை. மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு மின்விசிறி, கீழே துளையிட்ட கூடை. சின்ன அறைக்குள் சூடான காற்றை வேகமாகச் சுழற்றும் அடுப்பு, அவ்வளவுதான். கேக் சுடும் கன்வெக்‌ஷன் அவனின் தம்பி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அறை சிறியது, காற்று வேகமானது, அதனால் பெரிய அவனைவிட விரைவாக வேலை முடியும். ஆனால் எண்ணெய்க்கு ஈடாக முடியாது.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். 180 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் எண்ணெயையும் ஒரு லிட்டர் காற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரு டிகிரி இறங்கும்போது எண்ணெய் தரும் வெப்பம் காற்று தருவதைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கும் அதிகம். கொதிக்கும் எண்ணெயில் போட்ட மெல்லிய துண்டு அந்த 65–80 டிகிரி இடைவெளியை ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடும். நொதி விழித்துக்கொள்ளும்போதே வேலை முடிந்துவிடுகிறது.

காற்றிலோ இன்னொரு சிக்கல். ஈரமான பரப்பின் மேல் காற்று ஓடும்போது நீர் ஆவியாகி, ஆவியாகும்போதே பரப்பைக் குளிர்விக்கும். மண்பானைத் தண்ணீரைக் குளிர்விக்கும் அதே விதி, 200 டிகிரிக் காற்றிலும் செல்லும். வெளியே எண்பலகை 200 என்று காட்டினாலும், மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை கிழங்குத் துண்டின் வெப்பநிலை நூறைக்கூட எட்டாது. அது தடுமாறிக்கொண்டு நிற்கும் இடம் எது தெரியுமா? ஏறத்தாழ நொதி ஆனந்தமாக வேலை செய்யும் அதே பகுதி. சில நிமிடங்கள் அங்கே தங்கும். கூடையைப் பிதுங்கப் பிதுங்க நிரப்பியிருந்தால் இன்னும் கூடுதலாக. அந்த நேரத்தில் மொறுமொறு ஏடாக வேண்டிய மாவுச்சத்து மால்டோஸாகக் கரைந்துகொண்டிருக்கிறது.

கூடையை நிரப்புவது பற்றிச் சொன்னேன். இதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 300 கிராம் துண்டுகளில் சுமார் 230 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதில் பாதியை, ஒரு 115 கிராமை, வெளியேற்றினால்தான் துண்டு விறைக்கும். 115 கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 190 லிட்டர் நீராவி. எந்திரத்தின் கொள்ளளவோ நான்கு லிட்டர். நாற்பது ஐம்பது முறை நிரம்பி வழியும் அளவு ஆவி பின்பக்கத்துச் சிறு துவாரம் வழியாக வெளியேறியாக வேண்டும். அந்தப் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவைத்திருக்கும் சமையலறைகள் எத்தனை! துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் நடுவே இருப்பவை ஆவியில் வேகும். அடியில் பட்டர் பேப்பரை விரித்துக் கூடையின் துளைகளை அடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம். இட்லிப் பானையில் வைத்திருக்கலாம்.

கருகலுக்கும் விளக்கம் இதே சர்க்கரையில்தான் இருக்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தருவதை 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் விவரித்தார். தோசையின் முறுவல், காப்பிக் கொட்டையின் மணம் எல்லாம் இந்த வினையின் கொடை. எல்லாச் சர்க்கரையும் இதில் நேரடியாகக் கலந்துகொள்ளாது. நாம் காப்பியில் போடும் சீனி ஒதுங்கி நிற்கும். குளுக்கோஸும் மால்டோஸும் முந்திக்கொண்டு வரும். நொதி தயாரித்துத் தந்த மால்டோஸ் மேற்பரப்பில் நிறைந்திருக்க, மெல்லிய நுனிகள் முதலில் காய்ந்து 140 டிகிரியைத் தாண்ட, அங்கே பழுப்பேறிக் கருகுகிறது. நடுப்பகுதியில் தண்ணீர் இன்னும் பாதிகூடப் போயிருக்காது. நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தினால் உள்ளே களி. ஈரம் போகட்டும் என்று விட்டால் வெளியே கரி. உருளைக்கிழங்கில் நிறமும் மொறுமொறுப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். சர்க்கரைவள்ளியில் நிறம் வெகுவாக முந்திவிடும்.

கருகியதை 'முறுகலாக இருக்கிறது' என்று சாப்பிடுவதும் நல்லதில்லை. ஆஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் இதே சர்க்கரைகளும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது அக்ரிலமைடு உண்டாகிறது. புற்றுநோயோடு தொடர்புடையதாக இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் இந்தப் பொருள் வறுத்த, சுட்ட உணவுகளில் இருப்பதை 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அளவு கூடும். பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்வது நாக்குக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

அப்படியானால் உணவகத்தில் வாங்கும் சர்க்கரைவள்ளி ஃப்ரைஸ் மட்டும் எப்படி விறைப்பாக இருக்கிறது? பெரும்பாலும் அது தொழிற்சாலையிலிருந்து உறைந்த நிலையில் வந்தது. அங்கே துண்டுகளை முதலில் வெந்நீரில் முக்கி நொதியைக் கொல்கிறார்கள். பிறகு உலர்த்தி, அரிசி மாவோ வேறு மாவுச்சத்தோ கலந்த மெல்லிய பூச்சு கொடுத்து, எண்ணெயில் அரைவேக்காடாகப் பொரித்து, அப்புறம்தான் உறையவைக்கிறார்கள். பையைப் பிரித்து ஏர் ஃப்ரையரில் கொட்டினால் மொறுமொறுவென்று வருவதில் வியப்பில்லை. அந்தத் துண்டு ஏற்கெனவே எண்ணெயில் குளித்துவிட்டது. 'எண்ணெயில்லாமல் செய்தது' என்று பெருமைப்படுவதற்கு முன் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

வீட்டில் செய்வதற்கும் வழி அந்தத் தொழிற்சாலை காட்டியதுதான். கிழங்கு தன் மாவுச்சத்தைத் தானே தின்றுவிடுகிறது என்றால், தின்னும் வாயை முதலில் அடைக்க வேண்டும். குறைந்த மாவை வெளியிலிருந்து ஈடுகட்ட வேண்டும். எண்ணெய்க் குளியலை மட்டும் நாம் விட்டுவிடலாம்.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்குவோம். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் ஆரஞ்சு நிறக் கிழங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 1987-ல் வெளியிட்ட போரிகார்டு போன்ற ரகங்கள் அவை. நீர் அதிகம், வெந்தால் வழவழப்பு. நம் சந்தையில் பொங்கலையொட்டிக் குவியும் சிவப்புத் தோல், வெள்ளைச் சதைக் கிழங்கு பொதுவாக அதைவிட வறட்சியானது, மாவுப்பிடிப்பு உள்ளது. ஃப்ரைஸுக்கு ஆரஞ்சுக் கிழங்கைத் தேடி சூப்பர் மார்க்கெட்டில் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பது என் தீர்ப்பு. தெருமுனைத் தள்ளுவண்டிக் கிழங்கே மேல். அதிலும் புதிதாக வெட்டியெடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. சேமிப்பில் இருக்க இருக்க மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகிக்கொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. வெப்பநாட்டுப் பயிரான இது பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் குளிர் தாக்கி, நடுவே வேகாத கட்டியோடு கெட்டுப்போகும்.

தோலைச் சீவி, முக்கால் சென்டிமீட்டர் கனத்துக்கு நீளநீளமாக வெட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருப்பது அழகுக்காக அல்ல. கனம் குறைந்தது கருகும், கூடியது களியாகும், இரண்டுக்கும் ஒரே நேரம் பொருந்தாது. கூர்நுனியாகச் சரியும் ஓரத் துண்டுகளைப் பொரியலுக்கு ஒதுக்கிவிடுங்கள். வெட்டிய இடத்தில் வெண்மையாகப் பால் கசிந்து கத்தியிலும் விரலிலும் பிசுபிசுக்கும், காற்றுபட்டால் கறுக்கும். வெட்ட வெட்டத் தண்ணீரில் போட்டுவந்தால் அது கழுவிப்போகும், மேற்பரப்புச் சர்க்கரையும் கொஞ்சம் கரையும். அரைமணி ஊறவைத்தாலே மொறுமொறுப்பு வந்துவிடும் என்று பலர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் உள்ளே இருக்கும் நொதியை ஒன்றும் செய்யாது.

அதைச் செய்வது கொதிநீர். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது துண்டுகளைப் போட்டு இரண்டு நிமிடத்தில் அரித்து எடுத்துவிடுங்கள். முக்கால் சென்டிமீட்டர் துண்டின் நடுப்பகுதி அதற்குள் நொதி தாங்காத சூட்டை எட்டிவிடும். மணி திறந்து நொதி சாகும் அந்த இடைவெளியை நொடிக்கணக்கில் கடந்துவிடுவதால் சர்க்கரையாகும் மாவு குறைவு. தண்ணீர் நிறைய இருப்பது முக்கியம். கொஞ்சத் தண்ணீரில் நிறையத் துண்டுகளைக் கொட்டினால் கொதி அடங்கி, எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதே சூட்டில் கிழங்கு ஊறிக்கிடக்கும். இந்தக் குளியலில் இன்னொரு லாபமும் உண்டு. மேற்பரப்பு மாவு லேசாகக் கூழாகி ஒட்டும் பதத்துக்கு வருகிறது.

எடுத்ததைப் பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் விடுங்கள். அந்தச் சூட்டிலேயே ஈரம் ஆவியாகிப் போகும். தொட்டால் விரலில் தண்ணீர் படக்கூடாது, ஆனால் பசை மாதிரி லேசாகப் பிடிக்க வேண்டும். அதுதான் மாவு தூவும் பதம்.

எந்த மாவு? பஜ்ஜிக்குக் கடலை மாவோடு ஒரு கை அரிசி மாவு சேர்க்கும் வீட்டில் இதைக் கேட்கத் தேவையில்லை. அரிசி மாவு கெட்டியான, சீக்கிரம் நமத்துப்போகாத ஏட்டைத் தரும். கார்ன்ஃப்ளார் இன்னும் மெல்லிய, கண்ணாடி போன்ற ஏட்டைத் தரும். 300 கிராம் கிழங்குக்கு இரண்டும் சேர்த்து ஒரு மேசைக்கரண்டி போதும். தூவிக் குலுக்கி, வெள்ளைத் தூள் கண்ணில் படாமல் போகும்வரை புரட்டுங்கள். ஈரத்தில் ஒட்டாத மாவு கூழாகாது, ஏடாகவும் ஆகாது; விசிறிக் காற்றில் பறந்து கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும், அல்லது பச்சை மாவு வாடையோடு நாக்கில் தங்கும். அதற்காகக் கரைத்து ஊற்றலாம் என்று போகாதீர்கள். கரைத்த மாவு கொதிக்கும் எண்ணெயில் பட்ட நொடியே கெட்டியாகிறது. சூடான காற்றில் அது கெட்டியாகும் முன் வழிந்து கூடையின் துளைகளில் இறங்கிவிடும். ஏர் ஃப்ரையரில் பஜ்ஜி வராததற்குக் காரணம் இதுவே.

மாவு பிடித்த பிறகு எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. வரிசை மாறக்கூடாது, எண்ணெய் பூசிய துண்டில் மாவு ஒட்டினாலும் கூழாவதற்கு வேண்டிய ஈரம் அதற்குக் கிடைக்காது. எண்ணெயே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு சொல். மெல்லிய எண்ணெய்ப் படலம் காற்றின் சூட்டைப் பரப்பெங்கும் சீராகப் பரப்புகிறது. எண்ணெய் படாத மாவு வெளிறி, சுண்ணாம்பு அடித்ததுபோல நிற்கும். ஆரஞ்சுச் சதைக் கிழங்கானால் இன்னொரு காரணமும் உண்டு. அதன் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. கொஞ்சமாவது எண்ணெய் இருந்தால்தான் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சிக்கொள்ளும். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. ஆப்பிரிக்காவில் ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பி வைட்டமின் ஏ குறைபாட்டை எதிர்த்த மரியா அண்ட்ராடே, ராபர்ட் ம்வாங்கா, ஜான் லோ ஆகியோர் ஹோவர்த் பூயிஸுடன் 2016-ம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இங்கே பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் பூ சோனா என்ற ஆரஞ்சு ரகத்தையும் பூ கிருஷ்ணா என்ற ஊதா ரகத்தையும் தந்திருக்கிறது. அவற்றை அவித்து உண்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

எந்திரத்தை ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டுச் சூடாக்குங்கள். துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல், ஒரே அடுக்காக. 190 டிகிரியில் ஆறேழு நிமிடம் ஓடியபின் ஒரு குலுக்கு. மறுபடி ஐந்தாறு நிமிடம். இதற்குமேல் உங்கள் எந்திரத்தின் குணம் உங்களுக்குத்தான் தெரியும்; ஒவ்வொன்றும் எண்பலகையில் காட்டுவது ஒன்று, உள்ளே தருவது ஒன்று. கடைசி மூன்று நிமிடம் அருகிலேயே நில்லுங்கள். சர்க்கரைவள்ளி பொன்னிறத்திலிருந்து கருப்புக்குப் போக அதிக நேரம் எடுத்துக்கொள்ளாது. இடையே ஒரு மின்சார விஷயம்: 1400 வாட் எந்திரம் 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மிக்ஸி மாட்டும் சின்ன பிளக்கில் அதை ஓட்டாமல் 16 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டுங்கள். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், இருபது நிமிடத்துக்கு அரை யூனிட்டைத் தாண்டாது.

உப்பும் மிளகாய்த் தூளும் வெளியே எடுத்த பிறகுதான். முன்பே போட்டால் உப்பு உள்ளேயிருந்து தண்ணீரை இழுத்து மேற்பரப்பை நனைத்துவிடும். மிளகாய்த் தூள் கருகிக் கமறும். தட்டில் குவிக்காமல் கம்பித் தட்டில் இரண்டு நிமிடம் பரப்பிவையுங்கள். சூடான துண்டிலிருந்து ஆவி இன்னும் வந்துகொண்டிருக்கும். குவித்தால் அது அடுத்த துண்டின் ஏட்டிலேயே படியும். டப்பாவில் போட்டு மூடியவர்களுக்கு மொறுமொறுப்பு கிடையாது.

இத்தனை செய்தாலும் எண்ணெயில் பொரித்ததற்குச் சமம் என்று நான் சொல்லமாட்டேன். பொரிக்கும்போது ஆவி வெளியேறிய நுண்துளைகளில், வெளியே எடுத்து ஆறும் நேரத்தில், எண்ணெய் உறிஞ்சப்பட்டு நிறைகிறது. வாயில் அந்த வழுக்கலும் நிறைவும் அதனால் வருவது. கடையில் விற்கும் உருளை ஃப்ரைஸ் 100 கிராமில் சுமார் 15 கிராம் கொழுப்பு இருக்கும். நம் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் 300 கிராம் கிழங்குக்குப் பத்து கிராமுக்கும் குறைவு. இந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியத்தான் செய்யும். பத்து நிமிடம் மொறுமொறுப்பாக நிற்கும், பிறகு இளகத் தொடங்கும். நடுவே மிஞ்சிய ஈரமும் சர்க்கரையும் சும்மா இருக்காது.

சர்க்கரை நோயாளிகள் இதை 'எண்ணெய் இல்லை, அதனால் பாதகமில்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜமைக்காவில் உண்ணப்படும் பத்து ரகங்களைச் சோதித்து 2011-ல் வெளியான ஆய்வில், அவித்த கிழங்கின் கிளைசெமிக் குறியீடு 41-லிருந்து 50 வரை இருந்தது. பொரித்ததற்கு அது 63–77. அவனில் சுட்டதற்கு 82-லிருந்து 94 வரை போனது. கிழங்கு அதேதான், சூடு ஏறிய விதம் வேறு. சர்க்கரையைக் கவனிக்க வேண்டியவர்களுக்கு அவித்த கிழங்கே பாதுகாப்பு, அதுவும் அளவோடு.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. ஃப்ரைஸுக்கு இவ்வளவு மெனக்கெட மனமில்லாத நாளில் சண்டையை விட்டுவிட்டு நொதியோடு சேர்ந்துகொள்ளுங்கள். கைப்பிடி அளவு கிழங்கைத் தோலோடு கழுவித் துடைத்து, வெட்டாமல், எண்ணெய் பூசாமல், 160 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம் விட்டுவிடுங்கள். ஆரஞ்சுக் கிழங்கானால் இன்னும் நல்லது. ஃப்ரைஸைக் கெடுத்த அதே மெதுவான சூடு இங்கே மாவையெல்லாம் பாகாக்கித் தோலோரம் கசியவிடும். ஏர் ஃப்ரையர் சர்க்கரைவள்ளிக்குச் செய்யக்கூடிய ஆகச் சிறந்த சமையல் ஃப்ரைஸ் இல்லை, இதுதான்.